சைலன்சர் நெடியும் ஆக்சிஜன் சென்சார் கோளாறும்: அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் வழி

செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் பெயர் வருகிறது. சென்சாரை மாற்றுகிறார்கள். இரண்டு வாரத்தில் அதே லைட், அதே நெடி. பெட்ரோல் கார்களில் இது ஓயாமல் நடக்கிறது. சைலன்சர் குழாயில் போகும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஈசிஎம்முக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு, சொல்வது மட்டுமே அந்தச் சென்சாரின் வேலை. பிளக் தேய்ந்தாலும், பேக்கிங் ஊதினாலும், எலி வயரைக் கடித்தாலும் புகார் அதன் பெயரில்தான் வரும். புகார் சொன்னதைக் கழற்றி எறிந்தால் பழுது அப்படியே இருக்கும், பணம்தான் போகும்.

இங்கே சொல்வதெல்லாம் பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்கு. சிஎன்ஜி மாட்டிய கார்களுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. டீசலுக்கு இது பொருந்தாது. ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலில், கைக்காசு கரையும் வேலை கடைசியில்.

## தொடங்கும் முன் கையில் வேண்டியவை

ஒரு ஓபிடி ஸ்கேனர். போனோடு புளூடூத்தில் சேரும் சின்னதே போதும், ஆனால் கோடு (பி0171 போன்ற பழுதுக் குறியீடு) மட்டும் காட்டுவதாக இல்லாமல் ஓடும்போது வரும் அளவுகளையும் காட்ட வேண்டும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும். கூடவே ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்ச், ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர். சென்சாரைக் கழற்றும் நிலை வந்தால் பக்கத்தில் வெட்டு விட்ட 22 மி.மீ சாக்கெட்.

கடைசியாக எடுத்த பியூசி என்னும் புகைச் சோதனைச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். அதைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறோம், ஆனால் அதில் இருப்பது ஒரு நல்ல பரிசோதனை முடிவு. பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். மோனாக்சைடு ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியே வருகிறது, அதாவது மிஸ்ஸிங். இந்த ஒரு வேறுபாடு பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

கோடு வந்தால் அழிக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நேரத்தில் எஞ்சின் சூடு, ஆர்பிஎம், வேகம் என்னவாக இருந்தன என்று ஃப்ரீஸ் ஃபிரேம் பக்கத்தில் இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள். அழித்துவிட்டால் திரும்ப வராது.

## அறிகுறி 1: காருக்குள் புகை நெடி வருகிறது

மற்றதையெல்லாம் தள்ளி வையுங்கள், இதை முதலில் பாருங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. நெடி வருகிறது என்றால் வாடையில்லாத அதுவும் கூடவே வருகிறது என்று அர்த்தம். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், காரணமில்லாத தூக்கம் இவற்றில் ஏதாவது ஒன்று பயணிகளுக்கு இருந்தால் வண்டியை நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து, ஆட்களை இறக்குங்கள். தலை தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வேறு வண்டியில் போங்கள். பழுது பார்த்து முடியும்வரை ஏசி போட்டுக்கொண்டு நின்ற காருக்குள் யாரும் தூங்கக் கூடாது. கார் நல்ல நிலையில் இருந்தாலும் மூடிய ஷெட்டுக்குள் இது உயிரைப் பறிக்கும்.

நெடி எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

ஓடும்போது, அதுவும் பின்சீட்டில் அதிகம் என்றால்: டிக்கி ரப்பர். கார் ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து புகை சுழன்று பின்பக்கமாகவே ஏறும், ரப்பரில் இடைவெளி இருந்தால் உள்ளே வந்துவிடும். ஒரு தாள் துண்டை டிக்கி விளிம்பில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். சும்மா உருவிக்கொண்டு வரும் இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. பின்பக்கம் இடிபட்டு டிங்கரிங் செய்த கார்களில் டெயில் லேம்ப் பின்னால் உள்ள ரப்பர் மூடிகளைப் போடாமல் விட்டிருப்பார்கள். லைனிங்கை விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள்.

சிக்னலில் நிற்கும்போது, ஏசி வழியாக என்றால்: பானெட்டுக்குள் புகை ஊதுகிறது. வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடைதான் வெளிக்காற்று உள்ளே வரும் வாசல். வெளிக்காற்றை மூடி உட்காற்றுக்கு மாற்றியதும் நெடி குறைந்தால் இது உறுதி. எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டின் பேக்கிங், மேனிஃபோல்டு விரிசல், அதன் கீழே குழாயைப் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளேஞ்ச் மூன்றையும் பாருங்கள்.

ஊதல் கண்டுபிடிக்கும் முறை இது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து கேளுங்கள். ‘டிக் டிக் டிக்’ என்று ரேஸோடு சேர்ந்து வேகமெடுக்கும் சத்தம் வந்து, சூடேறச் சூடேற அடங்கினால் மேனிஃபோல்டில் ஊதல். உலோகம் விரிந்து விரிசலை அடைப்பதால்தான் சத்தம் மறைகிறது. மதியம் கொண்டுபோய்க் காட்டினால் ஒர்க்‌ஷாப்பில் ‘ஒன்றுமில்லை’ என்பார்கள், அதனால் இரவே வண்டியை அங்கே விட்டுக் காலையில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, கையில் தடிமனான துணியைச் சுருட்டி, ஒருவர் சைலன்சர் வாயை இரண்டு மூன்று விநாடி அடைக்க, இன்னொருவர் குழாயோரம் காது கொடுக்க வேண்டும். நல்ல குழாய் என்றால் எஞ்சின் திணறும். ‘புஸ்’ என்று எங்காவது கேட்டால் அங்கே ஓட்டை. இணைப்புகளில் கறுப்பு மசி கோடு போட்டிருப்பதும் ஊதலின் தடம்தான்.

நம் ஊரில் ஓட்டை விழும் இடங்கள் பழகியவை: வேகத்தடையில் இடிபடும் வளையும் பைப், மழைக்காலத்தில் தண்ணீர் நின்ற தெருக்களில் ஓடிய கார்களின் மஃப்ளர் அடிப்பகுதி, கடலோர ஊர்களில் ஃபிளேஞ்ச் போல்ட். பசை தடவுவது சில நாள் தாங்கும், சூட்டில் உதிர்ந்துவிடும். மஃப்ளரில் என்றால் வெல்டிங் போதும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் உள்ள சென்சாரையும் கழற்றச் சொல்லுங்கள். மேனிஃபோல்டு விரிசலும் உடைந்த ஸ்டட்டும் வீட்டில் செய்யும் வேலை இல்லை.

## அறிகுறி 2: பச்சைப் பெட்ரோல் வாடை, எஞ்சின் நிறுத்தியிருக்கும்போதும்

எரிந்த புகைக்கும் எரியாத பெட்ரோலுக்கும் வாடை வேறு. நிறுத்தி வைத்த காரில் பெட்ரோல் வாடை வந்தால் சைலன்சருக்கும் சென்சாருக்கும் அதில் பங்கில்லை.

டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வருகிறதா? பங்க்கில் துப்பாக்கி ‘டப்’பென்று நின்ற பிறகும் ரவுண்டாக ஆக்குவதற்காக அழுத்தி ஊற்றுகிறார்கள். மேலே நிற்கும் பெட்ரோல் ஆவி போகும் குழாய் வழியாகக் கரித்தூள் கேனிஸ்டருக்குள் இறங்கிவிடும். ஆவியைப் பிடிக்க வேண்டிய கரி பெட்ரோலில் ஊறினால் வேலை செய்யாது, பல கார்களில் வாடை பின்சக்கரத்துப் பக்கம் நிற்கும். முதல் ‘டப்’பிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை அப்படி நிரப்பிய பிறகு வாடை போய்விட்டால் கேனிஸ்டர் தப்பித்தது. போகாவிட்டால் மாற்ற வேண்டும்.

அடுத்து டேங்க் மூடி. அதன் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருந்தால் மூடி மட்டும் மாற்றினால் போதும், பி0455 கோடும் அதோடு போய்விடலாம். பிறகு பானெட்டுக்குள் இன்ஜெக்டர் ரயில், அதற்கு வரும் ஹோஸ், இன்ஜெக்டர் அடியிலுள்ள ஓ-ரிங். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று செய்யாத பழைய ரப்பர் ஹோஸ்கள் ஈ20 பெட்ரோலில் சீக்கிரம் கெடும். விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

ஈரமாகப் பெட்ரோல் சொட்டுவது கண்ணுக்குத் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். சாவி போட்டதும் பம்ப் அழுத்தம் ஏற்றும். இழுத்துக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள்.

## அறிகுறி 3: சைலன்சரில் கண்ணெரியும் நெடி, கறுப்பு மசி, மைலேஜ் குறைவு

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒன்றிரண்டு நிமிடம் நெடி வருவது இயல்பு. சூடான பிறகும் வந்தால்தான் கோளாறு. ஸ்கேனரை மாட்டி, எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஃபியூயல் ட்ரிம் இரண்டையும் பாருங்கள், குறுகிய காலம் ஒன்று, நீண்ட காலம் ஒன்று. இரண்டையும் கூட்டி வரும் எண் 10 சதவீதத்துக்குள், பிளஸ்ஸிலோ மைனஸிலோ இருந்தால் சரி. பிளஸ் என்றால் ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைனஸ் என்றால் குறைக்கிறது. இங்கேதான் முக்கியமான பிரிவு வருகிறது.

நெடி அடிக்கிறது, ட்ரிம் மைனஸில் 15, 20 என்று நிற்கிறது (பி0172): உண்மையாகவே பெட்ரோல் அதிகம் போகிறது. சென்சார் சரியாகச் சொல்கிறது, ஈசிஎம் குறைக்கப் பார்க்கிறது, முடியவில்லை. சென்சாரைத் தொடாதீர்கள். வரிசையாக:

1. ஏர் ஃபில்டர். பெட்டியைத் திறங்கள். அழுக்கு ஒரு பக்கம், எலி வைத்த கூடு இன்னொரு பக்கம். பல நாள் நிறுத்தி வைத்த காரில் தேங்காய் நாரும் துணிக்கந்தலும் ஃபில்டருக்கு மேலேயே இருக்கும்.

2. எஞ்சின் சூடு. 15 நிமிடம் ஓடிய பிறகும் ஸ்கேனரில் கோலன்ட் 60, 65 டிகிரியிலேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது. எஞ்சின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஈசிஎம் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மைனஸ் 40 என்று காட்டினால் கோலன்ட் சென்சாரின் வயர் அறுந்திருக்கிறது, கப்ளர் (வயரை இணைக்கும் முனை) கழன்றிருக்கிறது அல்லது சென்சாரே உள்ளே அறுந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மைனஸ் 40 உண்மையான அளவாக இருக்க முடியாது.

3. பர்ஜ் வால்வு. கேனிஸ்டர் பிடித்த ஆவியை எஞ்சினுக்குள் விடுவது இது. கேனிஸ்டரிலிருந்து இன்டேக்குக்கு (எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய்) வரும் ஹோஸை ஐடிலிங்கில் இடுக்கியால் மெதுவாக நசுக்குங்கள். ட்ரிம் உடனே பூஜ்யத்தை நோக்கி வந்தால் வால்வு மூடவில்லை. கழற்றிக் கரண்ட் இல்லாமல் ஊதிப் பாருங்கள், காற்றுப் போகக் கூடாது.

4. மேப் சென்சார். இன்டேக்கில் உள்ள காற்றழுத்தத்தை அளப்பது இது. சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் அது வெளிக்காற்று அழுத்தத்தையே காட்ட வேண்டும்: கடற்கரை ஊரில் சுமார் 100 கிலோபாஸ்கல், ஊட்டி உயரத்தில் 80-க்குக் கீழே. மாறுபட்டால் அதன் ஹோஸையும் முனையையும் சுத்தம் செய்யுங்கள்.

5. இன்ஜெக்டர் சொட்டல், ஃபியூயல் பிரஷர். ரிட்டர்ன் வரும் பழைய அமைப்பில் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி முகருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. மற்றபடி கேஜ் வைத்துப் பார்ப்பதும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிப்பதும் ஒர்க்‌ஷாப் வேலை.

நெடி அடிக்கிறது, ஆனால் ட்ரிம் பிளஸ்ஸில் ஏறி நிற்கிறது (பல சமயம் பி0171): ஈசிஎம் ஏமாற்றப்படுகிறது. நிறையப் பேர் தடுமாறுவதும் இங்கேதான், நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போவதும் இங்கேதான். பெட்ரோல் தாராளமாக இருக்கும்போதே சென்சாருக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தெரிகிறது, அதை நம்பி ஈசிஎம் மேலும் ஊற்றுகிறது. அந்த ஆக்சிஜன் வரும் வழிகள் இரண்டு.

ஒன்று, சென்சாருக்கு முன்னால் உள்ள ஊதல். புகை விட்டு விட்டு அடிக்கிறது, அடிகளுக்கு இடையில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து அதே ஓட்டை வழியாக வெளிக்காற்றை இழுக்கும். ஊசிமுனை அளவு ஓட்டை போதும். அறிகுறி 1-ல் சொன்ன காலைச் சத்தச் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். அதில் அகப்படாவிட்டால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, நிறுத்தி வைத்த நிலையிலேயே, சைலன்சர் வாயில் ஊதும் குழாயை வைத்துக் காற்றைச் செலுத்தி, மேனிஃபோல்டிலிருந்து சென்சார் வரை சோப்புத் தண்ணீர் அடியுங்கள். குமிழ் வரும் இடம்தான் பழுது. முந்தைய வேலையில் சரியாக முடுக்காத சென்சார் மரையிலேயே குமிழ் வருவதும் உண்டு.

இரண்டு, மிஸ்ஸிங். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அதன் பெட்ரோலும் அதன் ஆக்சிஜனும் அப்படியே வெளியே வரும். சென்சாருக்குப் பெட்ரோலைப் பார்க்கத் தெரியாது, ஆக்சிஜனை மட்டும் பார்த்துவிட்டு ‘பெட்ரோல் பற்றவில்லை’ என்கிறது. உங்கள் மூக்கோ பச்சைப் பெட்ரோல் என்கிறது. இரண்டும் உண்மை. பி0301 முதல் பி0304 வரை கோடு இருக்கிறதா பாருங்கள். கடைசி எண்தான் சிலிண்டர். அந்த சிலிண்டர் காயிலைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் காயில். நகராவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகராவிட்டால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன், அதற்கு மெக்கானிக் வேண்டும்.

செக் எஞ்சின் லைட் மின்னி மின்னி எரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொள்ள அதிக தூரம் ஓட வேண்டியதில்லை. சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டியது பல பத்தாயிரத்தில் போய் நிற்கும்.

நெடியே இல்லாமல் பிளஸ் மட்டும் இருந்தால் அது வேறு வகை. ஐடிலிங்கில் பிளஸ், 2500 ஆர்பிஎம்மில் சரியாகிறது என்றால் இன்டேக்கில் வேக்குவம் லீக். ரேஸ் கொடுக்கக் கொடுக்கப் பிளஸ் ஏறுகிறது என்றால் பெட்ரோல் வரத்துக் குறைவு: ஃபில்டர், பம்ப். ஈ20 பெட்ரோலுக்கு எரிய இன்னும் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் தேவை, அதனால் பழைய காரில் ட்ரிம் சில புள்ளி பிளஸ்ஸில் இருப்பதைப் பழுதாக எடுக்க வேண்டாம்.

## அறிகுறி 4: அழுகிய முட்டை நாற்றம்

முதலில் பானெட்டைத் திறந்து முகருங்கள், சைலன்சரை அல்ல. பேட்டரி அதிகமாகச் சார்ஜ் ஆனாலும் இதே நாற்றம்தான் வரும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். பொதுவாக 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி உப்பியிருந்தால், கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால், முனையைக் கழற்றாதீர்கள். அந்த வாயு பொறி பட்டால் வெடிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு விலகி நின்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்து, நாற்றம் சைலன்சரில்தான் என்றால்: மலையேறி வந்த பிறகு, நெடுஞ்சாலையில் விரட்டிய பிறகு ஒரு நிமிடம் வந்து மறைந்தால் விட்டுவிடலாம். புது பங்க்கில் நிரப்பியதிலிருந்து வருகிறது என்றால் அந்த டேங்க் தீர்ந்ததும் வேறு பங்க்கில் நிரப்பிப் பாருங்கள். பிஎஸ்6 பெட்ரோலில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள்தான் இருக்க வேண்டும் என்பதால் நல்ல பெட்ரோலில் இந்த நாற்றம் அடிக்கடி வரக் கூடாது. தினமும் வந்தால் அறிகுறி 3-க்குப் போய் ட்ரிம்மைப் பாருங்கள். பெட்ரோல் அதிகம் போவதுதான் வழக்கமான காரணம். அதைச் சரி செய்த பிறகும் நாற்றம் நின்றால்தான் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

## அறிகுறி 5: இனிப்பு வாடையும் எண்ணெய் கருகும் வாடையும்

பாகு காய்ச்சுவது போல இனிப்பாக வந்து, வெள்ளைப் புகையும் சூடான பிறகு மறையாமல் இருந்தால் கோலன்ட் எரிகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் கோலன்ட் மட்டத்தைப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் குறைந்தால், ஸ்டார்ட் செய்ததும் டப்பாவில் குமிழ் வந்துகொண்டே இருந்தால், ஹெட் பேக்கிங். ஓட்டாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள். கோலன்ட் எரிந்த வண்டியில் ஆக்சிஜன் சென்சாரும் வெள்ளைப் படிவம் பிடித்துச் சீக்கிரம் சாகும், பேக்கிங் வேலை முடிந்த பிறகு அதை மாற்றுங்கள், முன்னால் மாற்றி வீணாக்காதீர்கள்.

எண்ணெய் கருகல் பானெட்டிலிருந்து வந்தால் டாப் கவர் பேக்கிங் கசிந்து மேனிஃபோல்டு மேல் சொட்டுகிறது. மலிவான வேலை, ஆனால் தள்ளிப் போடாதீர்கள். சைலன்சரில் நீலப் புகையோடு வந்தால் வால்வு சீல் அல்லது ரிங். காலை ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு கொத்து நீலம் என்றால் சீல், ரேஸ் கொடுக்கும்போதெல்லாம் என்றால் ரிங்.

## அறிகுறி 6: வாடை இல்லை, சென்சார் கோடு மட்டும்

கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. முன்னது பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க, பின்னது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க. பி0130 முதல் பி0135 வரை முன்னது. பி0136 முதல் பி0141 வரை பின்னது. பின்னது கெட்டால் நெடியோ மைலேஜ் இழப்போ பெரும்பாலும் வராது.

சில புதிய கார்களில் முன்னால் இருப்பது ஏர்-ஃபியூயல் சென்சார். கீழே சொல்லும் வோல்ட் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஸ்கேனரில் லாம்டா அல்லது மில்லிஆம்பியர் என்று காட்டினால் அந்த வகை, அதை நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் விடுங்கள்.

பி0135, பி0141, ஹீட்டர் (சென்சாரைச் சூடாக்கும் கம்பி): சோதிக்க எளிதானது இதுதான். முதலில் ஃபியூஸ். ஹீட்டர் ஃபியூஸ் வேறு சில பாகங்களுக்கும் சேர்த்தே இருக்கும், இரண்டு ஹீட்டர் கோடும் ஒரே நேரத்தில் வந்தால் நேராக ஃபியூஸ் பெட்டிக்குப் போங்கள். பிறகு கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறமுள்ள இரண்டு வயர்களுக்கு இடையே ஓம் பாருங்கள். சில கம்பெனியில் இரண்டும் வெள்ளை, சிலவற்றில் இரண்டும் கறுப்பு. எஞ்சின் ஆறியிருக்கும்போது பொதுவாக 3 முதல் 15 ஓம் வரை வரும், துல்லியமான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். மீட்டரில் எதுவுமே வராவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது, இங்கே சென்சாரை மாற்றுவது நியாயம். ஓம் சரியாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, வண்டிப் பக்கக் கப்ளரில் ஒரு முனையில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் வயரிங். எலி கடி என்றால் பல் தடம் தெரியும். பெரும்பாலும் பேட்டரிக்குக் கீழேயும் எஞ்சின் பின்னாலும்.

பி0134, அசைவே இல்லை: ஸ்கேனரில் 0.45 வோல்ட்டிலேயே நேர்க்கோடு போட்டது போல நின்றால் சென்சாரிடமிருந்து ஈசிஎம்முக்கு ஒன்றும் வரவில்லை. அந்த 0.45 பல கார்களில் ஈசிஎம் தானாக வைக்கும் எண். கப்ளர், வயர், ஹீட்டர் என்ற வரிசையில் போங்கள்.

பி0131 தாழ்வு, பி0132 உயர்வு, பி0133 மந்தம்: சென்சார் பொய் சொல்கிறதா, உண்மை சொல்கிறதா என்று முடிவு செய்யும் சோதனை இது. எஞ்சின் முழுச் சூட்டில், 2500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், 10 விநாடியில் 0.45-ஐ எட்டு முறையாவது கடக்க வேண்டும். அடுத்து, இன்டேக்கில் ஒரு சின்ன வேக்குவம் ஹோஸைக் கழற்றுங்கள். உடனே 0.2-க்குக் கீழே விழ வேண்டும். திரும்ப மாட்டிவிட்டு ஆக்சிலரேட்டரைச் சட்டென்று ஒரு மிதி. 0.8-ஐத் தாண்ட வேண்டும். இரண்டுக்கும் உடனே பதில் வந்தால் சென்சார் நல்லது, கோடு எது சொன்னாலும் பழுது வேறெங்கோ. பதில் வருகிறது, ஆனால் இழுத்து இழுத்து வருகிறது என்றால் மசி படிந்தோ வயதாகியோ மந்தமாகிவிட்டது. 1.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஹீட்டர் வயர் சிக்னல் வயரோடு உரசுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே மைனஸில் போனால் சென்சார் உள்ளே கெட்டுவிட்டது.

பி0420, கன்வெர்ட்டர்: பின் சென்சாரைப் பாருங்கள். நல்ல கன்வெர்ட்டரில் அது 0.6, 0.7 வாக்கில் சலனமில்லாமல் இருக்கும். முன்னது துள்ளும்போதெல்லாம் பின்னதும் கூடவே துள்ளினால் கன்வெர்ட்டர் சோர்ந்துவிட்டது. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஊதல் இருந்தாலும் இதே படம் வரும், அதைத் தேடாமல் கன்வெர்ட்டர் விலை கேட்கப் போகாதீர்கள். ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள், உள்ளே கலகலத்தால் தேன்கூடு உடைந்தது. பிக்கப் செத்து, வண்டி மேட்டில் திணறினால் அடைப்பு. முன் சென்சாரைக் கழற்றி அந்த மரையில் பிரஷர் கேஜ் மாட்டினால் 2500 ஆர்பிஎம்மில் 0.2 பாருக்கு மேல் போகக் கூடாது. கன்வெர்ட்டரின் வெளிச்சூட்டைத் துப்பாக்கித் தெர்மாமீட்டரால் அளந்து தீர்ப்புச் சொல்கிறவர்கள் உண்டு, அதை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம்.

கன்வெர்ட்டரைக் குடைந்து எடுத்துவிட்டு வெறும் குழாயாக்கித் தருகிறேன் என்பவர்களை விட்டு விலகுங்கள். லைட்டும் அணையாது, பியூசியிலும் தேறாது, உங்கள் வீட்டுக் குழந்தைகள் நிற்கும் உயரத்தில்தான் அந்தப் புகை போகும்.

## சிஎன்ஜி மாட்டிய கார்

முட்டைக்கோஸ் அழுகியது போல வாடை வந்தால் அது புகை இல்லை, கசிவு. சிஎன்ஜிக்கு இயல்பாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியவே மணமூட்டி சேர்க்கிறார்கள். சிலிண்டர் வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் இறங்குங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் மட்டும் அடித்துப் பார்க்கலாம், முடுக்குவதை அங்கீகாரமுள்ள கிட் மையத்தில் மட்டும் செய்யுங்கள். பெட்ரோலில் சரி, சிஎன்ஜியில் மட்டும் ட்ரிம் கோடு என்றால் கிட் டியூனிங், சென்சார் இல்லை.

## சென்சாரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும்

எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுங்கள். முற்றும் ஆறிய மரை பிடித்துக்கொள்ளும், பழுத்த சூடு கையைச் சுடும். துரு இளக்கும் ஆயிலை மரையில் மட்டும் விட்டு அரை மணி காத்திருங்கள். மரை சிதைந்து வருவது போலத் தெரிந்தால் அதோடு நிறுத்தி, ஒர்க்‌ஷாப்பில் 18 மி.மீ, 1.5 பிட்ச் டேப் விட்டுச் சரி செய்யச் சொல்லுங்கள்.

கழற்றிய முனையைப் பாருங்கள். பொடியான கறுப்பு மசி என்றால் பெட்ரோல் அதிகம். பளபளவென்று வெள்ளைப் பொருக்கு என்றால் சிலிக்கான், அதாவது யாரோ எஞ்சினில் கண்ட பேக்கிங் பசையைப் போட்டிருக்கிறார்கள். செங்கல் நிறம் என்றால் ஆக்டேன் கூட்டும் மருந்து ஊற்றியிருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டுப் புதியதை மாட்டினால் அதுவும் அதே நிறத்துக்குப் போகும். கெரசின், பெட்ரோல், கம்பி பிரஷ் எதிலும் கழுவித் திரும்ப மாட்ட முயலாதீர்கள், தேறாது.

புதிய சென்சாரின் மரையில் கம்பெனியே பசை தடவியிருக்கும், மேலும் தடவ வேண்டாம், முனையில் படவே கூடாது. வயரை வெட்டி ஈயம் வைத்து ஒட்டுவதும் கப்ளருக்குள் கிரீஸோ ஸ்பிரேயோ அடிப்பதும் தவறு. இந்த வகைச் சென்சார் பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்று வயரின் இழைகளுக்கு இடையில்தான் உள்ளே போகிறது, அடைத்தால் அளவு பிசகும். கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே இருப்பது பீங்கான். சுமார் 40 நியூட்டன் மீட்டர் முடுக்கம் போதும். வயரைப் பழைய கிளிப்பில் திரும்பக் குத்திவிடுங்கள், தொங்கினால் குழாயில் பட்டு உருகும்.

மாட்டியதும் கோடை அழித்து, குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்து, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாக 30, 40 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு ஸ்கேனரில் ‘பெண்டிங்’ பக்கத்தைப் பாருங்கள், லைட் எரியும் முன்பே கோடு அங்கே எட்டிப் பார்க்கும். நீண்ட கால ட்ரிம் பழைய இடத்திலிருந்து பூஜ்யத்தின் பக்கம் வந்திருக்க வேண்டும். வராமல் அங்கேயே நின்றால் அறிகுறி 3-க்குத் திரும்பி, சோப்புத் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுங்கள்.